இரைப்பு நோயும் பத்திய உணவும்: பத்மநாபபுரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இரைப்பு நோய் எனத் தமிழ் மருத்துவமும் ஆஸ்துமா என நவீன மருத்துவமும் குறிக்கும் நோய்க்கு உணவு ஒழுங்கு நெடுங்காலமாகச் சிகிச்சையின் பகுதியாக இருந்து வந்துள்ளது. இவ்வொழுங்கைத் தமிழ் மரபு ‘பத்தியம்’ என்கிறது. திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்தையும் அதனைச் சூழ்ந்த கல்குளம் வட்டாரத்தையும் களமாகக் கொண்டு, பத்தியம் என்னும் கருத்தின் உள்ளடக்கம், அதனைக் கடைப்பிடிப்பதற்கான சமூக வாய்ப்பு, நவீன ஆய்வுகளின் முன் அதன் நிலை ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பத்தியம் தொடக்கத்தில் ‘ஏற்ற உணவைச் சேர்த்தல்’ என்னும் பொருளையே முதன்மையாகக் கொண்டிருந்தது என்பதும், வழக்கில் அது ‘விலக்குதல்’ எனச் சுருங்கியது என்பதும், இச்சுருக்கம் இன்றைய நோயாளிகளுக்கு ஊறு விளைவிக்கக்கூடியது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

குறிச்சொற்கள்

இரைப்பு நோய், பத்தியம், பத்மநாபபுரம், தென் திருவிதாங்கூர், ஊட்டுப்புரை, சித்த மருத்துவம், நெய்யூர்.

முன்னுரை

நோய்க்கும் உணவுக்கும் உள்ள தொடர்பைத் தமிழ் அறநூல் மரபு தெளிவாக உணர்ந்திருந்தது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’ மூலிகை எதனையும் பெயர் சுட்டிக் கூறவில்லை. அதன் பத்துக் குறள்களுள் 942 முதல் 947 வரையிலானவை உண்ணும் அளவு, காலம், செரிமானம் ஆகியவற்றையே பேசுகின்றன. மருந்து என்ற தலைப்பின்கீழ் உணவு பேசப்படுவது தற்செயலானதன்று. நோயின் தோற்றுவாய் வயிற்றில் உள்ளது என்ற கருத்து இந்திய மருத்துவ முறைகளின் பொது அடிப்படைகளுள் ஒன்றாகும்.

மூச்சு சார்ந்த நோய்க்கும் இக்கருத்து பொருத்தப்பட்டது. சரகர் மரபு சுவாச நோயைக் கபமும் வாதமும் கூடிய நோய் என்றும், பித்தத்தின் இருப்பிடமான வயிற்றுப் பகுதியிலிருந்து தோன்றுவது என்றும் வகுத்தது. ஆயுர்வேதம் கூறும் ஐவகைச் சுவாச நோய்களுள் ‘தமக சுவாசம்’ என்பது இன்றைய ஆஸ்துமாவுடன் பெரிதும் ஒத்துப்போவது. சித்த மருத்துவம் இதனை இரைப்பு, சுவாச காசம், மந்தார காசம் முதலிய பெயர்களால் குறிக்கிறது. நுரையீரலில் வெளிப்படும் நோயின் வேர் வயிற்றில் இருக்குமாயின், உணவை ஒழுங்குபடுத்துவது நோயின் வேரைத் தொடுவதாகும். பத்தியத்திற்கு மருத்துவர் அளித்த முதன்மையின் காரணம் இதுவே.

இக்கருத்து இந்தியாவிற்கு மட்டும் உரியதன்று. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடீஸ் ஆஸ்துமாவைப் பற்றித் தனி நூல் எழுதியபோது, மருந்துகளைவிட உணவு, உறக்கம், காற்று ஆகியவற்றுக்கே கூடுதல் இடம் தந்தார். 1860இல் ஆஸ்துமா பற்றி விரிவான நூல் வெளியிட்ட ஆங்கில மருத்துவர் ஹென்றி ஹைட் சால்டர் தாமே அந்நோயால் துன்புற்றவர். உணவு பற்றி விரிவாக எழுதிய அவர், வெறும் வயிற்றில் அருந்தும் கடுங்காப்பியைச் சிறந்த உதவியாகப் பரிந்துரைத்தார்.

களமும் காலநிலையும்

பத்மநாபபுரம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே, வேளிமலையின் அடிவாரப் பகுதியில் அமைந்துள்ளது. முன்பு கல்குளம் எனப்பட்ட இவ்வூர் வேணாட்டு அரசர்களின் இருப்பிடமாக விளங்கியது. அரண்மனையின் தொடக்கக் கட்டுமானம் 1601ஆம் ஆண்டையொட்டியது எனக் கொள்ளப்படுகிறது. மார்த்தாண்ட வர்மர் (ஆட்சி: 1729–1758) காலத்தில் அரண்மனை விரிவாக்கம் பெற்று, ஊரும் பத்மநாபபுரம் என்னும் பெயரைப் பெற்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் வட்டம் தமிழகத்துடன் இணைந்தபோதும் அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறைப் பொறுப்பில் நீடிக்கிறது.

மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்நிலம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறுவது. ஆண்டின் பெரும்பகுதி ஈரக்காற்று நிலவும். ஈரம் மிகுந்த வீடுகளில் பூஞ்சையும் தூசுப்பூச்சியும் பெருகுவதும், அவை ஆஸ்துமாவைத் தூண்டுவதும் இன்று அறியப்பட்ட செய்திகள். காரணத்தை வேறு சொற்களில் விளக்கிய மரபு மருத்துவமும் மழைக்காலத்தையே இரைப்பு மிகும் காலமாகக் கருதியது. மலையாள ஆண்டின் கர்க்கடக மாதத்தில், அதாவது ஆடியில், மூலிகைகள் சேர்த்த மருந்துக்கஞ்சி குடிக்கும் வழக்கம் இப்பருவ அறிவின் வெளிப்பாடு. ஒரு பக்கம் கேரளத்தின் ஆயுர்வேதம், மறுபக்கம் பொதிகை சார்ந்த சித்த மருத்துவம், இடையில் வர்ம மருத்துவம் என மூன்று மரபுகள் சந்தித்த பகுதியாகத் தென் திருவிதாங்கூர் விளங்கியது. ஆடாதோடை ‘ஆடலோடகம்’ என்றும், கற்பூரவள்ளி ‘பனிக்கூர்க்க’ என்றும் இரு மொழியிலும் அறியப்படுவது இச்சந்திப்பின் தடயம்.

பத்தியம்: சொல்லும் பொருளும்

பத்தியம் என்னும் சொல் ‘பத்ய’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. உடலின் வழிக்கு இசைந்தது என்பது அதன் பொருள். இசையாதது அபத்தியம். ஆகவே மூலப்பொருளில் பத்தியம் உண்ண வேண்டியதைக் குறிக்கிறது. விலக்க வேண்டியதைக் குறிப்பது அபத்தியம். தமிழ் வழக்கிலோ ‘பத்தியம் இருத்தல்’ என்றால் சிலவற்றை உண்ணாதிருத்தல் என்றே பொருள்படுகிறது. பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கும் ‘பத்தியச் சாப்பாடு’ என்னும் தொடரில் மட்டுமே பழைய பொருளின் சாயல் எஞ்சியுள்ளது. சித்த மருத்துவத்தில் வழங்கும் இச்சாபத்தியம், கடும்பத்தியம் என்னும் பாகுபாடும் விலக்கலின் அளவை அடிப்படையாகக் கொண்டதே.

இரைப்பு நோயாளிக்குச் சொல்லப்பட்ட ஒழுங்கை மூன்று கூறுகளாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது விலக்கல். தயிர், குளிர்ந்த நீர், வாழைப்பழம், பூசணி, எண்ணெய்ப் பண்டம், எளிதில் செரியாத மாப்பொருள் ஆகியன கபத்தைப் பெருக்குவன எனத் தள்ளப்பட்டன. மருந்தின் இயல்பிற்கேற்ப உப்பு, புளி, கடுகு முதலியனவும் விலக்கப்பட்டன.

இரண்டாவது அளவும் காலமும். இரவில் குறைவாக, பொழுதோடு உண்ணல், பகலுறக்கம் தவிர்த்தல், பசித்தபின் உண்ணல் என்பன இதில் அடங்கும். வயிற்றிலுள்ள அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறும் நிலை ஆஸ்துமா நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படுவதை நவீன மருத்துவம் கண்டுள்ளது. படுக்குமுன் வயிறு நிறைய உண்ணாதிருக்கும் அறிவுரை அந்நிலையுடைய நோயாளிகளுக்கு இன்றும் தரப்படுகிறது.

மூன்றாவது சேர்த்தல். தூதுவளைத் துவையல், முசுமுசுக்கை அடை, முருங்கைக்கீரை, இப்பகுதியில் நல்லமிளகு எனப்படும் மிளகு சேர்த்த ரசம், சுக்குக் கருப்பட்டி, பயற்றுக் கஞ்சி ஆகியன இவ்வகை. இங்கு மருந்தும் உணவும் பிரிவதில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்த திரிகடுகு மருந்துப் பெட்டியிலும் அஞ்சறைப் பெட்டியிலும் இடம்பெற்றது.

ஊட்டுப்புரையும் கஞ்சிக்கலயமும்

மூன்றாவது கூறான சேர்த்தல், வீட்டில் உணவு இருப்பதை முன்கொள்கிறது. பத்தியத்தின் வரலாறு உணவுப் பங்கீட்டின் வரலாறாக மாறும் இடம் இதுவே.

பத்மநாபபுரம் அரண்மனையில் இன்று காண்போரைக் கவரும் பகுதிகளுள் ஒன்று ஊட்டுப்புரை. இரு தளங்களாக அமைந்த நீண்ட இக்கூடத்தில் ஒரே வேளையில் 2000 பேர் வரை உண்ணலாம் எனக் கூறப்படுகிறது. ஊறுகாய் முதலியன சேமிக்கப் பயன்பட்ட பெரிய சீனச் சாடிகளும் அரண்மனையில் உள்ளன. அரசரின் படுக்கையறையில் 64 வகை மருந்து மரங்களால் ஆனதாகச் சொல்லப்படும் கட்டில் ஒன்றும் காட்டப்படுகிறது. சிலர் அவ்வெண்ணிக்கையை 67 என்பர். உண்ணும் இடமும் உறங்கும் இடமும் உடல்நலத்தை நோக்கி அமைக்கப்பட்டன என்ற நம்பிக்கையை இவை காட்டுகின்றன.

ஆனால் அரசு நடத்திய ஊட்டுப்புரைகளின் இலவச உணவு பிராமணருக்கு உரியதாக இருந்தது. திருவிதாங்கூரைத் ‘தரும பூமி’ எனப் போற்றிய வழக்கையே தம் நூலின் தலைப்பாக்கிய இலண்டன் மிஷன் ஊழியர் சாமுவேல் மேட்டீர், அத்தருமத்தின் எல்லையை 1871இல் சுட்டிக்காட்டினார். அக்கால ஆவணங்கள் ‘சாணார்’ எனக் குறிக்கும் பனைத்தொழில் சமூகத்தார் குடை பிடிக்கவும், செருப்பணியவும், மாடி வீடு கட்டவும், தம் பசுக்களில் பால் கறக்கவும் தடைசெய்யப்பட்டிருந்ததை அவர் பதிவுசெய்துள்ளார். மேட்டீர் சமயப் பரப்புநோக்கு உடையவர் என்பதை மனங்கொண்டே அவர் எழுத்தைப் படிக்க வேண்டும். எனினும் இத்தகைய தடைகள் நிலவின என்பது 19ஆம் நூற்றாண்டுத் தென் திருவிதாங்கூர் வரலாற்றில் நிறுவப்பட்ட செய்தியே. 1859 வரை நீண்ட மேலாடை உரிமைப் போராட்டத்திற்குக் கல்குளம் வட்டாரமும் களமாயிருந்தது.

பால் கறக்கத் தடையுள்ள வீட்டிற்கு, மருந்தை நெய்யிலோ பாலிலோ கொள்ளுமாறு கூறும் விதி என்ன பொருள் தரும்? ஏடுகளில் எழுதப்பட்ட பத்தியம் நெய்யும் பாலும் பழைய அரிசியும் உள்ள வீட்டைக் கருதி எழுதப்பட்டது. உழைப்பாளர் வீட்டில் அப்பத்தியத்தின் விலக்கும் பகுதி மட்டுமே கைக்கெட்டியது. சேர்க்கும் பகுதி எட்டவில்லை. பத்தியம் என்ற சொல் விலக்கலாகச் சுருங்கியதற்கு இச்சமூக நிலையும் ஒரு காரணமாகலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உழைப்பாளர் தம் கைக்கெட்டியதைக் கொண்டு தமக்கான ஒழுங்கை அமைத்துக்கொண்டனர். பனை இதில் முதலிடம் பெறுகிறது. கருப்பட்டி மருந்தின் துணைப்பொருளாக நெய், தேன் ஆகியவற்றின் இடத்தைப் பெற்றது. வேலியோரத் தூதுவளையும் ஆடாதோடையும் விலையின்றிக் கிடைத்தன. சாளை, அயிலை போன்ற கடல்மீன்கள் கடற்கரையிலிருந்து உள்நாட்டுச் சந்தைகளுக்கு வந்தன. விசாகம் திருநாள் (ஆட்சி: 1880–1885) ஊக்குவித்த மரச்சீனிக் கிழங்கு பசியைத் தணித்தது. ஆனால் புரதம் மிகக் குறைந்த அக்கிழங்கு மீனும் பயறும் சேரும்போதே முழு உணவாகிறது. மரச்சீனியும் மீன்குழம்பும் இணைந்த இவ்வட்டார உணவு இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது.

ஐரோப்பிய மருத்துவத்துடன் கொடுக்கல் வாங்கல்

மேலைநாட்டு மருத்துவம் வந்து மரபை அகற்றியது என்னும் பொதுக்கருத்து இரைப்பு நோயைப் பொறுத்தவரை முழுமையாகப் பொருந்தாது. சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், ஊமத்தையைப் புகைத்தால் ஆஸ்துமா தணிவதைக் கூற, அச்செய்தியை ஜெனரல் ஜென்ட் 1802இல் பிரித்தானியாவிற்குக் கொண்டு சென்றார். ஐரோப்பாவில் ‘ஆஸ்துமா சுருட்டு’ 20ஆம் நூற்றாண்டு வரை விற்பனையானதன் தொடக்கங்களுள் ஒன்று தமிழகத்தில் உள்ளது. ஊமத்தை நஞ்சுடையது; ஆயினும் அதிலுள்ள அட்ரோபினின் வழியிலேயே இன்று உள்ளிழுக்கும் மருந்தான இப்ராட்ரோபியம் உருவானது.

ஒயிட்லா ஐன்ஸ்லி 1813இல் சென்னையில் வெளியிட்ட மருந்துப்பொருள் நூல், தமிழ்ப் பெயர்களோடு இந்நாட்டு மூலிகைகளைப் பட்டியலிட்டது. உதகமண்டலத்தில் அரசு வேதியியலாளராகப் பணிபுரிந்த டேவிட் ஹூப்பர் 1888இல் ஆடாதோடையிலிருந்து வாசிசின் என்னும் காரப்பொருளைப் பிரித்தெடுத்தார். சளியை இளக்கும் புரோம்ஹெக்சின், அம்ப்ராக்சால் ஆகிய மருந்துகள் வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டு பின்னர் உருவாக்கப்பட்டன. வேலியோரச் செடி மருந்துக்கடை மாத்திரையாக மாறிய வழி இது.

பத்மநாபபுரத்திற்கு அருகிலுள்ள நெய்யூரில் 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய இலண்டன் மிஷன் மருத்துவப் பணி, இவ்வட்டார மக்களுக்கு நிறுவன மருத்துவத்தை அறிமுகப்படுத்தியது. 1861இல் வந்த ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவக் கல்வி அளித்தார். எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் பங்கேற்ற ஹோவர்ட் சாமர்வெல் 20ஆம் நூற்றாண்டில் இங்குப் பல்லாண்டுகள் பணியாற்றினார். ஊட்டுப்புரையில் இடம் மறுக்கப்பட்டவர்களுக்கு மருத்துவமனையின் கதவு திறந்திருந்தது என்பதே நெய்யூரின் சமூக முதன்மை.

ஆஸ்துமா சிகிச்சையின் பெரும் திருப்பம் அதன் பின்னர் நிகழ்ந்தது. அளவிட்டு உள்ளிழுக்கும் கருவி 1956இல் அறிமுகமானது. சால்பியூட்டமால் 1969இலும், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டான பெக்லோமெத்தசோன் 1972இலும் பயன்பாட்டிற்கு வந்தன. மூச்சுக்குழாயின் சுருக்கத்தோடு அதன் அடியிலுள்ள அழற்சியையும் தணிக்க முடிந்ததால் இறப்பைத் தவிர்க்கும் வாய்ப்பு பெருகியது.

நவீன ஆய்வுகளின் முன் பத்தியம்

பத்தியத்தின் கூறுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும் சான்றுகள் கடந்த நாற்பதாண்டுகளில் கிடைத்துள்ளன.

தூதுவளை, கண்டங்கத்திரி ஆகியவற்றின் பொடியை ஆஸ்துமா நோயாளிகளுக்கு 300 மில்லிகிராம் அளவில் கொடுத்து மூச்சுத்திறனை அளந்த தமிழக ஆய்வு 1999இல் வெளிவந்தது. பொடி பயன் தந்தது. அப்பயன் 4 மில்லிகிராம் சால்பியூட்டமாலைவிடக் குறைவாக இருந்தது. மரபின் பயனையும் அதன் எல்லையையும் ஒருசேரக் காட்டும் முடிவு இது.

காப்பியிலுள்ள காஃபீன் மூச்சுக்குழாயை நான்கு மணிநேரம் வரை சிறிதளவு விரிக்கிறது என்பது தொகுப்பாய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. சால்டரின் கடுங்காப்பிக்கும், காப்பித்தூள் சேர்த்த சுக்குக்காப்பிக்கும் இவ்விளக்கம் பொருந்தும். மிளகிலுள்ள பைபரின், ஆஸ்துமா மருந்தான தியோபிலினின் அளவை இரத்தத்தில் உயர்த்துவதாக 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்தோடு திரிகடுகு சேர்க்கும் மரபிற்கு இது விளக்கமாவதோடு, தியோபிலின் உட்கொள்வோர் மிளகு கலந்த மருந்துகளைத் தம் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டிய தேவையையும் உணர்த்துகிறது.

விலக்கும் கூறு இவ்வளவு ஆதரவைப் பெறவில்லை. பால் சளியைப் பெருக்கும் என்ற கருத்தை ஆஸ்திரேலியாவில் சளிக்காய்ச்சல் நோய்க்கிருமி செலுத்தப்பட்ட தன்னார்வலரிடம் சோதித்து 1990இல் வெளியான ஆய்வு, அருந்திய பாலின் அளவிற்கும் சளியின் அளவிற்கும் தொடர்பு காணவில்லை. 2012இல் வெளியான மற்றோர் ஆஸ்திரேலிய ஆய்வில் 137 ஆஸ்துமா நோயாளிகள் பங்கேற்றனர். காய்கறியும் பழமும் குறைத்து உண்டவர்களின் மூச்சுத்திறன் 14 நாள்களிலேயே, அவற்றை மிகுதியாக உண்டவர்களைவிடத் தாழ்ந்திருந்தது. நோய் மீண்டும் கடுமையாகும் வாய்ப்பும் அவர்களிடம் இரு மடங்கிற்கு மேல் இருந்தது. ஒவ்வாமை உறுதிசெய்யப்படாத நிலையில் எந்த உணவையும் விலக்கப் பரிந்துரைக்கக் கூடாது என்பதே ஆஸ்துமாவிற்கான உலகளாவிய வழிகாட்டு நெறியின் நிலைப்பாடு. உடற்பருமன் உள்ளோர் எடை குறைப்பதையும், காய்கறி பழங்கள் நிறைந்த உணவையும் அந்நெறி பரிந்துரைக்கிறது.

உணவால் ஆஸ்துமா தூண்டப்படுவோர் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. முட்டை, நிலக்கடலை, இறால், நண்டு முதலியவற்றால் ஒவ்வாமை உறுவோரும், பதப்படுத்தும் பொருளான சல்பைட்டால் மூச்சுத்திணறல் உறுவோரும் உள்ளனர். ஆனால் எது ஒவ்வாதது என்பது ஆளுக்கு ஆள் மாறுவது. நாடி பார்த்து ஆளுக்கேற்பப் பத்தியம் வகுத்த பழைய மருத்துவரின் அணுகுமுறை இவ்வகையில் இன்றைய நெறிக்கு அண்மையது. எல்லோர்க்கும் ஒரே விலக்குப் பட்டியலை வழங்கும் இக்கால வழக்கோ மரபிற்கும் அறிவியலுக்கும் தொலைவானது.

இருவகைப் பிழைகள்

இவ்வரலாறு இன்றைய நோயாளிக்கு இரு பிழைகளைச் சுட்டுகிறது. முதற்பிழை, உணவை மருந்துக்கு மாற்றாகக் கொள்ளல். ஐதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் மிருகசீரிடக் கார்த்தையன்று உயிருள்ள வரால் மீனுடன் விழுங்கத் தரப்படும் ஆஸ்துமா மருந்தை நாடிப் பெருங்கூட்டம் திரள்வதும், அதனைத் தொடர்ந்து 45 நாள் பத்தியம் விதிக்கப்படுவதும் இந்நாட்டம் எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டுகின்றன. உள்ளிழுக்கும் மருந்தை நிறுத்திவிட்டுப் பத்தியத்தை மட்டும் நம்புவது உயிருக்கே கேடாகலாம். கடும் மூச்சுத்திணறலில் தூதுவளையோ காப்பியோ மருத்துவமனைக்கு ஈடாகா.

இரண்டாவது பிழை, பத்தியத்தை விலக்குப் பட்டியலாக மட்டும் கொள்ளல். வளரும் குழந்தைக்குப் பால், தயிர், முட்டை, மீன், பழம் ஆகிய அனைத்தும் ‘சளி பிடிக்கும்’ எனத் தடுக்கப்படும்போது நோயோடு சத்துக்குறைவும் சேர்கிறது. பால் கறக்கத் தடையிருந்த காலத்தில் சமூகம் விதித்த வறுமையை, தடை நீங்கிய காலத்தில் அன்பின் பெயரால் குடும்பமே விதிக்கும் முரண் இது.

முடிவுரை

பத்மநாபபுரம் வட்டாரத்தின் இரைப்பு நோய்ப் பத்தியம் ஒற்றை மரபன்று. அது ஏட்டு மருத்துவம், அடுக்களை வழக்கம், பனைசார் உழைப்பாளரின் உணவு, மிஷன் மருத்துவம் ஆகியவற்றின் கூட்டு விளைவு. அதன் மூன்று கூறுகளுள் சேர்த்தலும், அளவும் காலமும் பேணலும் நவீன ஆய்வுகளால் ஓரளவு வலுப்பெறுகின்றன. பொதுவான விலக்கல் அவ்வாறு வலுப்பெறவில்லை. பத்தியத்தைப் பின்பற்றும் வாய்ப்பு சாதியாலும் வருவாயாலும் வரையறுக்கப்பட்டிருந்தது என்பதைக் கருதாமல் மரபு மருத்துவத்தின் பயனை மதிப்பிடுவது குறையுடையதாகும்.

‘இசைந்ததை உண்ணல்’ என்னும் மூலப்பொருளுக்குப் பத்தியம் மீளுமானால், உள்ளிழுக்கும் மருந்தும் தூதுவளைத் துவையலும் ஒரே வீட்டில் முரணின்றி இருக்க இயலும். அரண்மனையின் ஊட்டுப்புரை இன்று வெறுங்கூடமாகப் பார்வையாளருக்குக் காட்டப்படுகிறது. அக்கூடத்தில் யார் உண்டனர், யார் உண்ணவில்லை என்னும் வினா மருத்துவ வரலாற்றுக்கும் உரிய வினாவாகும்.